எறும்பு செத்த பால்

1. தராசு முள்

துணித் தூளியில் குழந்தையைப் போட்டுத் தராசுக் கொக்கியில் மாட்டினேன். போன முறை நின்ற இடத்துக்குக் கீழேயே முள் நின்றுவிட்டது. கொக்கி சிக்கியிருக்குமோ என்று கழற்றி மாட்டினேன். முள் அங்கேயேதான் நின்றது. இரண்டு மாதக் குழந்தை எடை ஏறவேண்டியிருக்க, இறங்கியிருந்தான்.

நர்ஸ் பயிற்சிக்கு வந்திருக்கும் தங்கைகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் செய்யூர்ப் பக்கத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்களின் மகள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். வெள்ளைப் புடவையும் தோல் பையுமாக மகாபலிபுரத்துக்குத் தெற்கே குப்பம் குப்பமாக நடந்தபோது, தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பு எனக்கு இருந்தது. அந்த நிமிர்வை நான் இன்றும் விடவில்லை. ஆனால் அந்த வீட்டில் வேறொன்றும் கற்றுக்கொண்டேன்.

அன்று கருவாட்டு வாடைக்கு நடுவே அந்த வீடு மல்லிகை மணத்தது. விசேஷ நாளில்லை. குழந்தையின் தாய் அஞ்சலையைப் பார்த்தேன். தலையில் பூ இல்லை. மேல்துணியை விலக்கச் சொன்னதும் புரிந்துவிட்டது. மார்பில் மல்லிகைச் சரத்தை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பால் வற்றுவதற்கு எங்கள் பக்கத்தில் செய்யும் வைத்தியம் அது. பிள்ளை செத்துப் பிறந்தவர்களுக்குக் கட்டுவார்கள். இவள் பிள்ளை உயிரோடு தூளியில் கிடந்தது.

"யாரு கட்டுனது?"

"நான்தான்" என்றாள் மாமியார் முனியம்மா. அடுப்பில் தண்ணீர் சேர்த்த ஆட்டுப்பால் கொதித்துக்கொண்டிருந்தது. "அவ மார்ல கட்டி கீது. புத்து. எறும்பப் புடிச்சிப் பால்ல வுட்டுப் பாத்தேன். செத்துப்போச்சி. வெசப்பால என் பேரனுக்குக் குடுக்கச் சொல்றியா?"

தாய்ப்பாலின் மேன்மையைப் பற்றிப் பாடத்தில் படித்ததை ஒப்பித்தேன். முனியம்மா அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள்.

"உனுக்குக் கண்ணாலம் ஆச்சா நர்சம்மா?"

"இல்ல."

"ஆனப்புறம் வந்து சொல்லு."

2. டாக்டரம்மாவின் கை

மறுநாள் செங்கல்பட்டிலிருந்து டாக்டரம்மாவை மகாபலிபுரத்துக்கு அழைத்து வந்து, அங்கிருந்து கால்வாய் ஓடத்தில் கூட்டிவந்தேன். படிப்பு முடித்துச் சில வருஷமே ஆனவர். அவர் கை வேலை செய்வதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கட்டி இருந்த மார்பை மட்டும் பார்க்கவில்லை, இரண்டையும் பார்த்தார். விரல் நுனியால் குத்தாமல், விரல்களின் உட்புறத்தால் வட்டம் வட்டமாக அழுத்தினார். பிறகு இரண்டு அக்குளையும் தடவினார். தோல் எங்காவது உள்வாங்கியிருக்கிறதா, காம்பில் ரத்தம் வருகிறதா என்று பார்த்தார்.

"எப்பலருந்து இருக்கு?"

"சமைஞ்ச புதுசுலருந்து. புன்னங்கொட்ட மாதிரி. தொட்டா நழுவிக்கினு ஓடும். புள்ள உண்டானப்ப கொஞ்சம் பெருசாச்சி."

"நார்க்கட்டி. நாங்க ஃபைப்ரோ அடினோமான்னு சொல்லுவோம். வயசுப் பொண்ணுங்களுக்கு வர்றதுதான், புத்து இல்ல. பால்குடி மறந்ததும் எடுத்துப் பாத்துடலாம். நடுவுல வேகமா வளந்தா உடனே வந்துடணும். இப்ப ரெண்டு பக்கமும் குடு. பால் திரும்பி வர வரைக்கும் ஆட்டுப்பாலும் பாலாடைக் கிண்ணத்துல குடுங்க, தண்ணி சேக்காம."

முனியம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில், "நீ சொல்றது சரிதான் டாக்டரம்மா. ஆனா எறும்பு செத்துச்சே?" என்றாள்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

அஞ்சலைதான் எழுந்தாள். சுவரோரம் போன எறும்பைப் பிடித்து அடுப்படியில் ஆறிப்போயிருந்த ஆட்டுப்பாலில் போட்டாள். கொஞ்சம் துடித்துவிட்டு அடங்கியது. இன்னொன்றைப் பிடித்துக் குடிதண்ணீர்ச் சொம்பில் போட்டாள். அதுவும் அடங்கியது.

"தண்ணியுமா அத்த வெசம்?"

வாசலில் கூடியிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். முனியம்மா சொம்புக்குள் குனிந்து பார்த்தாள்.

"எறும்புக்கு நீச்சு தெரியலன்னா நான் இன்னாடி பண்ணுவேன்?" என்று சொல்லிக்கொண்டே மருமகள் மார்பிலிருந்த சரத்தை அவிழ்த்தாள்.

3. தூளித்துணி மறைப்பு

ஓடத்துறை வரைக்கும் முனியம்மா என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சவுக்குத் தோப்பில் யாரும் இல்லாத இடத்தில் நின்றுவிட்டாள்.

"எனக்கும் ஒண்ணு கீது. பாரு."

குழந்தையை நிறுக்கும் தூளித்துணியை நான் மறைப்பாகப் பிடித்துக்கொண்டேன். டாக்டரம்மா முன்போலவே பொறுமையாகப் பார்த்தார்.

"எத்தன நாளா?"

"மொத புள்ள பொறக்கசொல்லவே இருந்திச்சி. ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல."

"அஞ்சலைக்கு இருக்கிற மாதிரிதான் தெரியுது. ஆனா உங்க வயசுல எந்தக் கட்டியையும் கையால தொட்டுப் பாத்ததோட விடக்கூடாது. செங்கல்பட்டுக்கு வாங்க."

"அது கெடக்கட்டும். அப்ப என் மாமியாரும் எறும்பு வுட்டுப் பாத்தாங்க. பூவக் கட்டுனாங்க. எனக்குப் பால் வத்திப்போச்சி. புள்ள தங்கல." மேல்துணியை இழுத்து மூடிக்கொண்டாள். "அப்ப என் பாலும் நல்ல பாலுதானா?"

நானாக இருந்தால், 'அதெல்லாம் பழைய கதை, விடுங்க' என்று நழுவியிருப்பேன். டாக்டரம்மா முனியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல பால்தாம்மா."

முனியம்மா அழவில்லை. முன்னால் நடந்து ஓடத்துறைக்கு வந்தாள். பிறகு பையை ஓடத்தில் வைத்தாள். "நாளைக்கும் தராச எடுத்தாந்துடு நர்சம்மா. முள்ளு ஏறுறத நான் பாக்கணும்."

அப்புறம் அந்த வீட்டில் நடந்ததை ஒரு பெரிய ஆஸ்பத்திரி வார்டுகூடச் செய்திருக்காது. குழந்தை சிணுங்குவதற்கு முன்பே முனியம்மா அவனைத் தூக்கி அஞ்சலை மடியில் போட்டாள். கட்டுமரம் கரை ஏறும்போதே போய் நின்று, பால்சுறா வேறு யார் கூடைக்கும் போகாமல் பார்த்துக்கொண்டாள். "தின்னுடி, ஊறட்டும்" என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். முதலில் சொட்டுச் சொட்டாக வந்த பால் மெல்லத் திரும்பியது. நான் தராசை மாட்டும்போதெல்லாம் மூக்கு இடிக்கும்படி முள்ளருகே குனிந்து நிற்பாள். அது பழைய இடத்தைத் தாண்டிய நாளில் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டாள். வலித்தது.

முனியம்மாவுக்கு அந்த மாதமே செங்கல்பட்டில் கட்டியை எடுத்தார்கள். அஞ்சலைக்குப் பால்குடி மறந்தபின் எடுத்தார்கள். சோதித்துப் பார்த்ததில் இரண்டுமே சாதுவான கட்டிகள்.

இப்போது அந்தக் கடற்கரையில் மார்பில் எது தென்பட்டாலும் பெண்கள் மறைப்பதில்லை. மாதவிலக்குக்கு முன்னால் வரும் வலியா, பால் கட்டிய வீக்கமா, பயப்பட வேண்டிய ஒன்றா என்று முனியம்மா தீர்மானிப்பதில்லை. "நழுவுனா நல்லதுன்னு நீயா நெனச்சிக்காத. டாக்டரம்மா கை பாக்கட்டும்" என்று ஓடத்தில் ஏற்றி அழைத்து வந்துவிடுவாள்.

தங்கைகளே, நாம் படித்ததைச் சொல்வது நம் வேலைதான். அதைத் தலை நிமிர்ந்து சொல்லுங்கள். ஆனால் ஒருத்தி பிடிவாதம் பிடித்தால் அதற்குள் என்ன வலி இருக்கிறது என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். நான் கேட்கவில்லை, அவளாகவே தோப்பில் நின்று சொன்னாள்.

போன வாரம் ஒரு புதுத் தாய், தன் பால் கெட்டுவிட்டதாக அழுதாள். நான் வாயைத் திறப்பதற்குள் முனியம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"என் பாலும் நல்ல பாலுதான்டி" என்றாள். "எனக்குச் சொல்லத்தான் யாரும் இல்ல. உனுக்கு நான் கீறேன். புள்ளையத் தூக்கு."