ஒயரை வெட்டியவன் நான்தான்

“படத்துக்குக் கதை கொடுத்தவர் தவறிட்டாராம் அண்ணாச்சி” என்றுதான் போனில் சொன்னார்கள். எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, எரிச்சல். ஓவியர் முத்தையா நான்கு வருடம் குனிந்து உட்கார்ந்து வரைந்த சித்திரக்கதைப் புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சங்கரன்கோவிலில் பாதிக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிய கை அது. அதைப் பற்றியும் இல்லை. அவரை அறிந்த உங்களிடமாவது உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்.

நான் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவன். எட்டாம் வகுப்புக்கு மேல் படித்ததெல்லாம் நானாகப் படித்தது. எனக்கும் என் தம்பிக்கும் குருவிகுளம் பக்கம் பொதுவில் ஒரு கிணறு. தண்ணீர் முறையில் தகராறாகி, ஒரே கிணற்றில் ஆளுக்கொரு மோட்டார் இறக்கினோம். ஒருநாள் கோபத்தில் அவன் மோட்டார் ஒயரை வெட்டினேன். அன்று நின்ற பேச்சு, இருபது வருடமாகிறது.

முத்தையா அதைத்தான் என்னிடம் கேட்டுக் கேட்டு அந்தப் புத்தகமாக வரைந்தார். வெட்டியதையும் வரைந்தார். “இதையும் போடணுமாவே?” என்றேன். “வெட்டுனது நீங்கதான அண்ணாச்சி?” என்றார். கடைசிப் பக்கத்தில் இரண்டே கட்டங்கள். ஒன்றில் நான் சுவிட்ச் போடுகிறேன், மற்றதில் அவன். வசனம் கிடையாது.

அந்தப் புத்தகத்தைப் படமாக்கக் கேட்டுச் சினிமாக்காரர்கள் வந்தார்கள். படத்தில் ஒயரை வெட்டுவது அண்ணனின் மைத்துனன். அவன் சூழ்ச்சி வெளிப்பட்டதும் மழை கொட்டுகிறது, பாட்டு வருகிறது, அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். தியேட்டரில் விசிலடித்தார்கள். நான் பாதியில் எழுந்து வந்தேன்.

“எப்படி வே சம்மதிச்சீரு?” என்று முத்தையாவிடம் சண்டை போட்டேன்.

“படம் ரெண்டரை மணி நேரத்துல முடியணும்லா அண்ணாச்சி. உங்க கோவம் முடியுமா?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு கல்யாண வீட்டுக்காரர்கள் எங்கள் இருவர் பெயரையும் போட்டு ஒரே பத்திரிகையை என்னிடம் நீட்டினார்கள். “அதான் சேந்துட்டீங்கள்லா!” என்றார்கள். என் மைத்துனர் பாடுதான் மோசம். புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரம் செய்பவர், எங்கள் வம்புக்கே வராதவர். “நீருதான் குடும்பத்தைக் கெடுத்த ஆளா?” என்று மார்க்கெட்டில் அவரைக் கேலி செய்தார்கள்.

அதைச் சொன்னபோது முத்தையா சிரிக்கவில்லை. மறுநாளே என்னைப் பஸ்ஸில் ஏற்றிப் புளியங்குடிக்குக் கூட்டிப்போனார். மூட்டைகளுக்கு நடுவே நின்று புத்தகத்தை விரித்துக் காட்டினார். “நல்லாப் பாத்துக்கிடுங்க. ஒயரை வெட்டுனது இந்தா நிக்காருல்லா, இவருதான்!” கூட்டம் என்னைப் பார்த்துச் சிரித்தது. ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்தேன். ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. படத்துக்கு ஏன் தலையாட்டினார் என்பதற்குத்தான் கடைசிவரை ஒழுங்கான பதில் சொல்லவில்லை.

அவர் வீட்டுத் துக்கத்துக்குத் தம்பியும் வந்திருந்தான். தெருப் பையன்கள் செல்போனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். “பெரியப்பா, படத்துல மாதிரி சித்தப்பாவை ஒருக்கா கட்டிப்பிடிங்க.”

நான் பதில் சொல்லுமுன் தம்பி அவர்களிடம் சொன்னான்: “போங்கலே, அந்தப் படம் பொய். வெட்டுனது எங்க அண்ணன். நான் தென்னை மறைவுல நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன். புஸ்தகத்துல சரியாப் போட்டிருக்கு, பாரு.”

வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தை எடுத்தேன். என் கை, ஒயர், அதற்குப் பின்னால் தென்னை மரம். மரத்தை ஒட்டி ஒரு சட்டையின் ஓரம், ஒரு கண். எத்தனையோ தடவை பார்த்த பக்கம். ஒவ்வொரு தடவையும் என் கையை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். முத்தையா அவனிடமும் போய்க் கேட்டிருக்கிறார். என்னிடம் மூச்சுவிடவில்லை.

படத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை, அதற்குச் சம்மதித்த முத்தையாவையும்தான். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு கட்டத்தை. தம்பி பார்த்துக்கொண்டு நின்றான். வெளியே வந்து தடுக்கவுமில்லை, ஊரில் யாரிடமும் சொல்லவுமில்லை. ஏன் என்று அவனிடம்தான் கேட்க வேண்டும். நான் இன்னும் கேட்கவில்லை.