முதற்காட்சியில் செத்த அரசன்

வன்னியில், அக்கராயன் குளத்தின் கீழ் காடு வெட்டிக் காணி கொடுத்த காலத்தில், அங்கிருந்த புதுப் பள்ளிக்கூடத்துக்குத் தமிழ் படிப்பிக்கப் போனேன். ஐம்பதுகளின் கடைசிப் பகுதி. குடியேறியவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணப் பக்கத்து இளம் குடும்பங்கள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு எனக்கிருந்த ஒரே வேலை, சிறுகதை எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்புவது. அவை போன வேகத்திலேயே திரும்பி வந்தன. என் கதைகளில் எல்லோரும் முதற்பக்கத்தில் பிறந்து கடைசிப் பக்கத்தில் செத்தார்கள். வேறு விதமாகவும் கதை சொல்லலாம் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

அந்த வருடம் அறுவடை முடிந்த கையோடு, முல்லைத்தீவிலிருந்து ஒரு முஸ்லிம் வியாபாரி லொறியில் படக்கொட்டகை கொண்டுவந்தார். சனம் அவரை நானா என்று கூப்பிட்டது. வரும் வழியில் லொறி வாய்க்காலுக்குள் சரிந்து, படச்சுருள்கள் இருந்த தகரப் பெட்டிகள் தண்ணீரில் உருண்டன. சுருள்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. பெட்டிகளில் ஒட்டியிருந்த இலக்கத் துண்டுகள்தான் கழன்று போயின. எது முன், எது பின் என்று பார்க்க நானா படத்தின் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். அதிலிருந்த கதைச் சுருக்கமோ, நல்ல கட்டத்தில் நின்று, மிச்சத்தைத் திரையில் பார்க்கச் சொன்னது.

“எல்லாம் ஒரே படந்தானே மாஸ்டர்” என்று என்னிடம் சொல்லிவிட்டு, கைக்கு வந்த ஒழுங்கில் பெட்டிகளை அடுக்கினார்.

படம் ஒரு பால்காரனைப் பற்றியது. அவன் பண்ணையாரின் மகளை விரும்புகிறான். பண்ணையார் அவனை அடித்து விரட்டுகிறார். கடைசியில் பண்ணையாரின் வீடு தீப்பிடிக்க, அவரைத் தூக்கிவந்து வெளியே கிடத்திவிட்டு அவன் செத்துப்போகிறான். பண்ணையார் அவன் காலைப் பிடித்துக் கதறுகிறார். அன்றைக்கு இந்தக் கடைசிச் சுருள் இரண்டாவதாக ஓடியது.

பால்காரன் செத்தபோது சனம் மூக்கைச் சிந்தியது. அந்த ஈரம் காய முன்னம், அவன் செம்போடு பாட்டுப் பாடிக்கொண்டு வந்தான்.

“பேய்!” என்றாள் ஒருத்தி.

“பேயெண்டால் கால் நிலத்தில முட்டாது. காலைப் பாருங்கோ” என்றார், அவளுடைய அடுத்த காணிக்காரர். நல்ல உயரமான மனிதர், இடிபோல குரல். கெடுகாலத்துக்குத் திரையில் இடுப்புக்கு மேலேதான் தெரிந்தது. அவர் எழுந்து நின்று, படம் ஓட்டுகிறவரைப் பார்த்துக் கத்தினார்.

“தம்பி, காலைக் காட்டும்!”

பிறகு கொட்டகை முழுக்க அதே கூச்சல். “காலைக் காட்டு! காலைக் காட்டு!” பால்காரன் யாருக்கும் அசையாமல் மூன்று சரணமும் பாடி முடித்தான். முடித்துவிட்டு, யார் செய்த புண்ணியமோ, ஓர் ஆற்றங்கரையில் இறங்கிக் கால் கழுவினான். இரண்டு காலும் முழுசாக, விரல்களோடு தெரிந்தன. அப்படியொரு கைதட்டலை நான் பிறகு எந்தப் படத்துக்கும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகுதான் விசயம் தொடங்கியது. பண்ணையார் திரையில் வந்து, “வெளியே போடா நாயே” என்றார். அவர் அழுததை ஏற்கெனவே பார்த்திருந்த சனம் அவர்மேல் கோபப்படவில்லை, பரிதாபப்பட்டது. “ஐயோ பாவி, உன்னைத் தூக்கப் போறவனைத்தான் அடிக்கிறாய்” என்று ஒரு பெண் மெல்லச் சொன்னாள். பால்காரன் அடுப்பு மூட்டினாலும் எல்லோரும் நெஞ்சைப் பிடித்தார்கள். நானும் பிடித்தேன். அவன் பீடி பற்றவைத்தபோது உயரமானவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த நாள் நானா, ஒழுங்கைக் கண்டுபிடித்துப் படத்தைச் சரியாக ஓட்டினார். இடைவேளையிலேயே சனம் அவரைச் சுற்றிக்கொண்டது.

“ஏன் மாத்தினனீங்கள்? நேற்றையான் மாதிரிப் போடுங்கோ.”

“இதுதான் சரியான படம்.”

“சரியான படம் நல்லாயில்லை. இண்டைக்கு அவன் பால்தான் கொண்டு போறான். நேற்றுச் சாவைக் கொண்டெல்லோ போனவன்!”

நானா என்னைப் பார்த்தார். நான் படித்தவன், தீர்ப்புச் சொல்வேன் என்று நினைத்தார். எனக்கோ, சனம் சொல்வதுதான் சரியென்று பட்டது. முடிவை முன்னால் வைத்தால், நடுவில் கிடக்கும் செம்புக்கும் விறகுக்கும்கூட பாரம் வந்துவிடுகிறது. மூன்றாம் நாள் முதல் நானா பிழையாகவே ஓட்டினார். தூரத்துக் கண்டாவளையிலிருந்துகூட உழவு மெசினில் ஏறி வந்து பார்த்தார்கள்.

எனக்குப் பித்துப் பிடித்தது. பள்ளிக்கூட விழாவுக்கு ஊரவர்களை வைத்து நாடகம் போடுவது என் பொறுப்பு. ஓர் அரசனின் கதையை எழுதினேன். முதற்காட்சியில் அரசன் போரில் விழுந்து சாகிறான். கடைசிக் காட்சியில் முடி சூடுகிறான். இடி முழக்கக் குரல்காரரையே அரசனாகப் போட்டேன். ஒத்திகையில் அவர் மறுத்தார்.

“வாத்தியார், நான் முதலே செத்தால் பேந்து என்னை ஆர் பாக்கப்போகினம்?”

“அதுக்குப் பிறகுதான் எல்லாரும் உங்களை வடிவாய்ப் பார்ப்பினம்.”

“அப்ப நான் கொஞ்சம் ஆறுதலாய், நேரமெடுத்துச் சாகிறன். சம்மதமோ?”

சம்மதித்தேன்.

விழா பின்னேரம் நடந்தது. பள்ளிக்கூட முற்றத்தில் மேடை. அரசன் சொன்னபடியே மிக ஆறுதலாகச் செத்தார். ஒரு பாட்டு, ஒரு வசனம், பிறகு இன்னொரு பாட்டு. அவர் கடைசியாகத் தலையைச் சரித்ததும் முன்வரிசையில் ஒரு பெண் ஒப்பாரி தொடங்கினாள். இன்னொருத்தி சேர்ந்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாலைந்து பேர் மேடையேறி, அரசனைச் சுற்றி இருந்து, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு அழத் தொடங்கினார்கள்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவர்கள் சொல்லி அழுவதைக் கேட்டேன். ஒருத்தி அரசனை ‘என்ரை அப்பு’ என்றாள். மற்றவள் ‘கடைசியாய் முகம் பாக்கேல்லையே அண்ணை’ என்றாள். அவர்கள் காட்டுக்குள் வந்த பிறகு ஊரில் செத்தவர்களுக்கு, இவர்கள் பஸ் பிடித்துப் போவதற்குள் சடங்கெல்லாம் முடிந்து போயிருந்தது. குடியேற்றத்திலோ இன்னும் ஒரு சாவும் விழவில்லை. அழுவதற்கு ஓர் உடல் கிடைத்தது அன்றைக்குத்தான்.

ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார்கள். யாரோ செத்த வீட்டு வழக்கப்படி, பால் விடாத பிளேன்ரீ ஊற்றத் தொடங்கிவிட்டார்கள்.

நான் திரைச்சீலைக்குப் பின்னால் தவழ்ந்து போனேன். அரசன் உதட்டை அசைக்காமல் கேட்டார்:

“வாத்தியார், எறும்பு கடிக்குது. எழும்பட்டோ?”

“எழும்பாதேங்கோ. அழுகிறவை பயப்படுவினம்.”

“எனக்கே அழுகை வருது வாத்தியார். நான் நல்லவனாய் இருந்திருக்கிறன் போல.”

அந்த நேரம் கூட்டத்தை விலத்திக்கொண்டு அவருடைய மனைவி வந்தாள். ஒல்லியான, அதிகம் கதைக்காத பெண். மேடையேறி, அழுதவர்களைப் பார்த்து, “உயிரோட இருக்கிற மனிசனை வைச்சு இதென்ன வேலை?” என்றாள். ஒருவரும் நிறுத்தவில்லை. அவள் புருசனின் கையைப் பிடித்து இழுத்து எழுப்பினாள்.

“எழும்பினால் நாங்கள் அழுதது என்னாகிறது?” என்று ஒப்பாரிக்காரி கண்ணீரோடு சண்டைக்கு வந்தாள்.

“அது உங்கடை ஆக்களுக்குப் போகட்டும். இவர் என்ரை ஆள்.”

அரசன் கவசத்தோடு சைக்கிளில் பின்னால் இருக்க, அவள் அதை உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். நாடகத்தை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அழுதவர்கள் இறங்கிப் பாயில் போய் இருக்க, மந்திரியும் இளவரசியும் மிச்சத்தை நடித்தார்கள். “மன்னர் வருகிறார்” என்று மந்திரி சொன்ன போதெல்லாம் சனம் திரும்பி ரோட்டைப் பார்த்தது.

கடைசிக் காட்சிக்கு மன்னர் உண்மையாகவே வந்தார். மனைவி அவரைத் தலை முழுக வார்த்து, நெற்றி நிறைய விபூதி பூசிக் கூட்டிவந்திருந்தாள். “இனிச் சாகிற இடம் ஒண்டும் இல்லைத்தானே?” என்று என்னிடம் உறுதி கேட்ட பிறகுதான் மேடைக்கு விட்டாள்.

ஈரத் தலையில் முடி சூட்டினோம். அவர் இடிபோன்ற குரலில், நூறாண்டு நல்லாட்சி செய்வேன் என்று சொல்லவேண்டும். சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. அழுதவர்கள் இப்போது அழவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்தவர்களாக, அவரை அவ்வளவு அன்போடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் கைதட்டத் தோன்றவில்லை. பிறகு ஒவ்வொருவராகப் பாயைச் சுருட்டினார்கள்.

போகும்போது ஒப்பாரிக்காரி என்னிடம் வந்தாள். “வாத்தியார், அடுத்த முறை ஒரு கிழவியைச் சாகவிடுங்கோ. எங்கடை அம்மாவுக்கும் நான் போகேல்லை.”

நான் எழுதுவதாகச் சொன்னேன். கிழவியாக நடிக்கத்தான் அந்தக் குடியேற்றத்தில் ஒருவரும் சம்மதிக்கவில்லை.