தனியாகக் கிடந்த பெயர்

சென்ற வாரம் பல்வலிக்காக கிளினிக் போயிருந்தேன். முகப்பில் இருந்த பெண் என் அடையாள எண்ணைத் தட்டியதும் திரையில் என் பெயரும், கீழே மனைவி, மகன் பெயர்களும் வரிசையாக வந்தன. பக்கத்தில் ஓடிய அச்சு இயந்திரத்தின் மை வாடை மூக்கில் ஏறியது. பல்லை மறந்தேன். ரோசி ஞாபகம் வந்துவிட்டது.

எண்பதுகளில் நான் ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க். இரண்டு மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்வந்த தலைக்கனம் வேறு. ஃபேரர் பார்க் பக்கம் எங்கள் கோயிலில், பழைய நோட்டில் இருந்த பங்குக் குடும்பங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவதாக ஃபாதரிடம் சொல்லிவிட்டேன். குடும்பங்களுக்கு ஒரு அட்டவணை, ஆட்களுக்கு ஒன்று. இரண்டையும் இணைத்தால் ஒரே படிவத்தில் மேலே தகப்பனும் கீழே பிள்ளைகளும் வருவார்கள். இணைக்கக் குடும்பத்துக்கு ஓர் எண் கொடுத்திருக்கலாம். நம்மவர்களுக்குத்தான் அப்பா பெயர் கூடவே வருகிறதே, அதை வைத்தே இணைத்துவிடலாம் என்று நினைத்தேன். பெரிய மேதாவி நான்.

ஆங் மோ கியோ அடுக்குமாடிக்கு வீடு மாறுவதைச் சொல்ல சவரியம்மாள் அக்கா, தன் மகள் ரோசியோடு வந்தார். பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர். பெருமையாகத் திரையைத் திருப்பிக் காட்டினேன். மேலே அக்காவின் கணவர், கீழே இரண்டு மகன்கள். ரோசி இல்லை. தேடியபோது, சீனக் குடும்பப் பெயரோடு தனியாகக் கிடந்தாள். கைக்குழந்தையாக அக்கா எடுத்து வளர்த்த சீனப் பிள்ளை அவள். பத்திரங்களில் பெற்றவரின் பெயர்தான். கோயிலில் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், யாரும் அதைப் பேசியதில்லை. பழைய நோட்டில்கூட மூன்று பிள்ளைகளும் ஒரே வரியில்தான் இருந்தார்கள்.

"இவங்க உங்க ஃபேமிலில வரல லா அக்கா. கம்ப்யூட்டர் தப்பா காட்டாது," என்றேன், வரிசைக்கே கேட்கும்படி.

பதினாறு வயது ரோசிதான் சொன்னாள்.

"பரவாயில்ல அண்ணே. தனியாவே போட்டுக்குங்க."

அம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். புது முகவரியை அவர்கள் சொல்லவே இல்லை.

குடும்ப எண் போட்டு இணைப்பை மாற்ற அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அச்செடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு அவர்கள் வீட்டுக்குப் போனேன். காலிசெய்து பூட்டியிருந்தது. எந்த பிளாக்குக்குப் போனார்கள் என்று பக்கத்து வீட்டில் கேட்டிருக்கலாம். ஏன் தேடுகிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது? வெட்கப்பட்டுத் திரும்பிவிட்டேன். இன்றும் நினைத்தால் கூசுகிறது.

அந்தக் கம்ப்யூட்டர் போய்விட்டது, அந்த வீட்டு வரிசையையும் இடித்துவிட்டார்கள். தாள் மட்டும் மை மங்கி என்னிடம் இருக்கிறது. மேலே அப்பா, அம்மா, கீழே மூன்று பிள்ளைகள். அதற்கும் கீழே, இன்று இல்லாத ஒரு வீட்டின் முகவரி.