சீல் அடித்த அறிவித்தல்

எங்கள் பல்கலைக்கழகத்தில் சீல் இல்லாத கடிதம் கடிதமே அல்ல. ஓர் அறிவித்தலை முதலில் கொம்பியூட்டரில் அடிப்பார்கள். பிறகு அச்செடுத்து, கையெழுத்து வாங்கி, சீல் குத்தி, அந்தத் தாளை ஸ்கான் செய்து இணையத்தளத்தில் போடுவார்கள். எழுத்தாகப் பிறந்தது கடைசியில் வெறும் படமாகப் போய்ச் சேரும். பார்க்கிறவர்களுக்கு இதில் ஒரு குறையும் இல்லை. எனக்குக் கண் தெரியாது. திரையில் இருப்பதை எனக்கு வாசித்துச் சொல்வது என் போன். அதுவோ கோணலாக ஸ்கான் செய்த இந்தத் தாள்களைக் கண்டால் "படம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடும்.

இரண்டு வருடமாகக் கேட்டேன். தளத்தில் அறிவித்தல்களை ஏற்றுகிற அலுவலக அண்ணை நல்ல மனிதர். போனால் கதிரை இழுத்துப் போடுவார், தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று விசாரிப்பார். நல்லவர்களோடு சண்டை பிடிப்பதைப் போல அலுப்பான வேலை வேறில்லை.

"அண்ணை, நீங்கள் அடிச்ச எழுத்தையும் பக்கத்தில போட்டுவிடுங்கோ. அதுவே எனக்குக் காணும்."

"கையெழுத்தும் சீலும் இல்லாமல் போட்டால் ஆர் தங்கச்சி நம்புவினம்? நாளைக்கு ஆரும் மாத்தி எழுதிப்போட்டு எங்களைத்தான் மாட்டிவிடுவினம்."

"சீல் அடிச்சதையும் போடுங்கோ. ரெண்டையும் போடச் சொல்லித்தானே கேக்கிறன்."

"பாப்பம்" என்பார். இரண்டு வருடமாகியும் அவர் பார்த்து முடியவில்லை.

இடையில் ஒருநாள், மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கென்று தளத்தில் புதுப் பக்கம் ஒன்று திறந்திருப்பதாகச் சொன்னார்கள். தர்மபுரத்தில் எங்கள் வீட்டில் இருந்துகொண்டு ஆசை ஆசையாகத் திறந்தேன். ஐந்து படங்கள். அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டால், எல்லாம் திறப்பு விழாவில் எடுத்தவையாம். ஒரு படத்தில் யாரோ நாடா வெட்டுகிறாராம். இணையத்தளப் பக்கத்துக்கு எந்த இடத்தில் நாடா கட்டினார்களோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அப்போது எனக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பாடம். அதை எழுதிவிட்டால் பட்டம். ஆனால் நான் சொல்லச் சொல்ல விடையை எழுதித் தர ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளைப் பல்கலைக்கழகம்தான் ஒழுங்கு செய்ய வேண்டும். அதற்கு விண்ணப்பிக்கும்படி அறிவித்தல் வரும் என்று சொல்லியிருந்தார்கள். தினமும் தளத்தைத் திறந்தேன். படம், படம், படம். அம்மா விடிய வயலுக்குப் போனால் பொழுதுபடத்தான் வருவார். வந்த களைப்பில் ஒன்றிரண்டை வாசித்துச் சொல்லுவார். ஒன்று தளபாடம் வாங்க விலை கேட்கும் கேள்வி கோரல், ஒன்று விளையாட்டுப் போட்டி. எது எனக்குரியது என்று தெரியாமல் எத்தனை படத்துக்கு அவரைக் கூப்பிடுவது? எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

பரீட்சை நெருங்கிவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை, இனிப் பொறுக்க முடியாமல் பரந்தன் சந்தியில் பஸ் மாறி நேரே அலுவலகத்துக்குப் போய் நின்றேன்.

"அது போட்டாச்சே தங்கச்சி. நீங்கள் பாக்கேல்லையே?" என்றார் அண்ணை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்.

"நீங்கள் அடிச்ச எழுத்து இப்பவும் உங்கட கொம்பியூட்டரில கிடக்குதெல்லோ? அதை என்ர போனுக்கு அனுப்புங்கோ. அனுப்புமட்டும் நான் இந்த இடத்தை விட்டு அசையமாட்டன்."

மவுஸ் நாலைந்து தரம் சொடுக்கும் சத்தம் கேட்டது. என் போன் அதிர்ந்தது. இரண்டு வருடமாக நான் கெஞ்சியது இவ்வளவுக்குத்தான்.

கவுண்டரில் வைத்தே அதை வாசிக்க விட்டேன். பிசகில்லாமல் வாசித்தது. "பார்வைக் குறைபாடுடைய மாணவர்களின் கவனத்திற்கு" என்று தொடங்கியது. விடை எழுத உதவியாளர் தேவைப்படுவோர் எங்கே, எப்படி விண்ணப்பிக்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னது. முடிவுத் திகதியையும் சொன்னது. அது போன வெள்ளிக்கிழமை. அதன் பின்னர் கிடைக்கும் விண்ணப்பங்கள் ஏற்கப்படமாட்டா என்றது.



"தங்கச்சி," என்றார் அண்ணை, "சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கோ. உள்ளுக்குப் பதிவாளர் இருக்கிறார்."

நான் குறைக்கவில்லை. கூட்டிவிட்டு, முதல் வரியிலிருந்து இன்னொரு தரம் வாசிக்க விட்டேன். பதிவாளர் வெளியே வரவில்லை. அந்தப் பாடத்தை நான் அடுத்த வருடம்தான் எழுதினேன்.