அக்காவின் தட்டைப் பாதம்

குளித்துவிட்டு வந்தால் எங்கள் எல்லோருடைய ஈரக்கால் தடத்திலும் நடுவில் ஒரு வளைவு விழும். அக்காவுடையது மட்டும் இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்த மாதிரி முழுசாக இருக்கும். கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டில் சிமெண்ட் தரை, தடம் பளிச்சென்று தெரியும். தங்கைக்காரி நான் சும்மா இருப்பேனா, கேலி பண்ணியே அவளை ஒரு வழி பண்ணிவிடுவேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவள் போலீஸ் வேலைக்கு மனுப் போட்டபோதுதான் அந்தப் பாதம் பெரிய விஷயமானது. ஏரிக்கரையில் ஓடிப் பழகினாள். கொஞ்ச தூரத்திலேயே கணுக்கால் உள்பக்கம் சாய்ந்து வலி பின்னியெடுக்கும். ஓட்டத்தில் தேறினாலும் மருத்துவப் பரிசோதனையில் கழித்துவிடுவார்கள் என்று தெரிந்தவர்கள் வேறு பயமுறுத்தினார்கள். அவளுக்கோ அந்த வேலையைத் தவிர வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

எலும்பு டாக்டர் அவளை நுனிக்காலில் நிற்கச் சொன்னார். நின்றதும் பாதத்தில் வளைவு எழும்பியது. "இது விறைச்சுப் போன பாதம் இல்லம்மா. தசைக்கு பலம் குடுத்தா வலி குறையும், நல்லாவே ஓடலாம்" என்றார். படி விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்க வேண்டும். தரையில் கிடக்கும் சின்னச் சின்னப் பொருள்களைக் கால் விரல்களால் பொறுக்க வேண்டும்.

இந்தப் பொறுக்கும் வேலையில்தான் வீட்டில் ரகளை. பென்சிலைப் போட்டாள், அம்மா ஓடி வந்து, "சரஸ்வதிடி, காலால தொடறியே!" என்றாள். காசைப் போட்டாள்; அது லட்சுமி. கொண்டைக்கடலை சாப்பிடுகிற பொருள். அக்காவும் பயந்துபோய் ஒவ்வொரு முறையும் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். காலைவிட இடுப்புக்குத்தான் பயிற்சி அதிகம். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. கடைசியில் அம்மாவே புளியைச் சுத்தம் பண்ணி, கொட்டைகளை முறத்தில் கொண்டுவந்து கொட்டினாள். "இதுக்கு எந்த சாமியும் இல்ல. பொறுக்கிக்கோ."

அதன் பிறகு அக்காவை நிறுத்த முடியவில்லை. அடுப்படியில் நுனிக்காலில் நிற்பாள். மின்சார ரயிலுக்குக் காத்திருக்கும்போதும் பிளாட்பாரத்தில் குதிகாலை ஏற்றி இறக்குவாள். நான் யாரோ மாதிரி தள்ளி நிற்பேன். அவளுக்கு அந்த வெட்கமெல்லாம் கிடையாது. மழையோ காய்ச்சலோ, பயிற்சியை விட்டதில்லை. அப்படி ஒரு பிடிவாதத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது. ஈரத்தடம் என்னவோ பழையபடிதான் இருந்தது. ஆனால் ஏரிக்கரையை முழுசாக ஓடி முடித்தாள், வலிக்கிறது என்று நடுவில் உட்காரவில்லை.

தேர்வில் ஓட்டம் முடிந்து பரிசோதனைக்குப் போனபோது, அங்கிருந்த டாக்டர் பாதத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாராம். "நுனிக்கால்ல நின்னு காட்டட்டுமா சார்?" என்று இவளே கேட்டு, அவர் போதும் போதும் என்று சொல்லும்வரை நின்றிருக்கிறாள். தகுதி என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது பாதமெல்லாம் கொப்புளம். அம்மா தேங்காயெண்ணெயோடு தரையில் உட்கார்ந்து, அவள் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அக்கா வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "விடும்மா. நீ போய் என் காலைத் தொடலாமா? பாவம்."

"நான் பெத்த காலுடி" என்றாள் அம்மா. "நீட்டு."