தேனீக்குப் போர்த்திய கம்பளி

எனக்குத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதற்கு மேல் படித்திருந்தால் கெட்டுப்போயிருப்பேன் என்பது என் எண்ணம். மலையில் மருந்து அடிக்கிற ஆளாகத் தொடங்கி, ஒரு மரக்கறி லொறி வாங்கி, அதை இரண்டாக்கி, தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு வெளியே வந்து, அப்புத்தளைக்குக் கீழே சொந்தத் துண்டு நிலத்தில் வீடும் கட்டினேன். எதையும் யாரிடமும் கேட்டுச் செய்ததில்லை. தேனீ வளர்ப்பது மட்டும் என்ன, கேட்டுச் செய்யவேண்டிய காரியமா?

வினை தொடங்கியது கோயில் கூட்டத்தில். திருவிழாவுக்கு அபிஷேகத் தேன் எப்போதும் என் மச்சானுடைய உபயம். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். பெரகல சந்தியில் சில்லறைக் கடை வைத்திருப்பவர். அவர் கொண்டுவரும் போத்தலைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம். அந்தக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன், அது தேன் இல்லை, சீனிப்பாணி என்று.

மச்சானுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நான் தப்பியிருப்பேன்.

“சரி மச்சான், வர்ற திருவிழாவுக்கு நல்ல தேன் நீயே கொண்டாந்து ஊத்து. கொண்டாரலேன்னா எங் கடச் சீனிப்பாணியிலதான் சாமி குளிக்கும்” என்றார்.

கூட்டம் சிரித்தது, அப்படியே தீர்மானமும் ஆனது. கடையில் வாங்கிய போத்தலை நானும் கொண்டுபோனால் அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அதனால் தேனீயையே வாங்குவது என்று முடிவெடுத்தேன்.

ஹல்துமுல்லைக்குக் கீழே ஒரு சிங்களப் பெரியவர் தேனீப் பெட்டிகள் வைத்திருந்தார். புதிதாக வளர்ப்பவர்களுக்கு தேனடையும் ராணியுமாகச் சின்னக் குடும்பமொன்றைப் பெட்டியோடு கொடுப்பார். போஞ்சி மூடையைக் கையால் தட்டியே உள்ளே முற்றலா பிஞ்சா என்று சொல்கிறவன் நான். அவருடைய பெட்டிகளையும் தட்டினேன். தட்டாதே என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஒரு மூடியைத் திறந்து, சட்டத்தைத் தூக்கி ராணியைக் காட்டினார். கொஞ்சம் நீளமான, கறுத்த ஒரு ஈ. ராணி என்றால் ஒரு களை வேண்டாமா? வேலை செய்கிற ஈ எல்லாம் பொம்பளை, ஆம்பளை ஈ சும்மா இருந்து தின்னும் என்றார். கூட வந்திருந்த மனைவிக்கு அவருடைய சிங்களம் எப்படித்தான் உடனே விளங்கியதோ, “நம்ம லயத்துலயும் அப்புடித்தான்” என்று என்னைப் பார்த்தாள்.

பொழுது சாய்ந்து, வெளியே போனதெல்லாம் கூட்டுக்குத் திரும்பிய பிறகு, அவர் பெட்டியின் வாசலை அடைத்தார். மூடிக்குப் பதிலாக மேலே கம்பி வலை வைத்துக் கட்டினார். வழியில் நிற்காதே, வலையை மூடாதே. இதுகள் குளிரைத் தாங்கும், காற்றில்லாத சூட்டைத் தாங்காது என்றார். என் சிங்களம் தம்புள்ளைச் சந்தையில் படித்தது. ஒரு சொல் விடாமல் விளங்கியது.

என் ஆட்டோவை நானே ஓட்டினேன். மனைவி பின்னால் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். மேலே ஏற ஏறப் பனிமூட்டம் இறங்கி வந்தது, காது சில்லிட்டது. கீழே வெக்கையில் பிறந்து வளர்ந்த ஈ, எங்கள் குளிரை எங்கே கண்டது? வண்டியை ஓரமாக நிறுத்தி, இருக்கைக்குப் பின்னாலிருந்து கம்பளியை எடுத்தேன். எங்கள் பக்கத்தில் குளிருக்கு மருந்து அது ஒன்றுதான். பிறந்த பிள்ளையைச் சுற்றுவதும் கம்பளி, மழையில் கொழுந்துக்குப் போகிறவள் தலையில் போடுவதும் கம்பளி.

“அந்த ஐயா மூடாதன்னு சொன்னாருங்களே” என்றாள் மனைவி.

“அவரு சூட்டுல கெடக்குற ஆளு. நம்ம பனியப் பத்தி அவருக்கு என்னா தெரியும்?”

நான்கு பக்கமும் இழுத்துச் செருகினேன். ஒரு நூல் காற்றுக்கூட உள்ளே போயிருக்காது. அவ்வளவு நேர்த்தி.

பெரகல சந்தியைக் கடக்கவேண்டும். மச்சான் கடையில் விளக்கு எரிந்தது. நிற்காமல் போயிருக்கலாம்தான். ஆனால் தேனீ வாங்கியதே யாருக்காக?

மச்சான் இறங்கி வந்து ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார். “என்ன மச்சான், பச்சப் புள்ளையா? யாரு சாடை?” என்றார்.

அவரைக் கடை வாங்குப் பலகையில் உட்காரவைத்து, பெட்டியைத் தெரிந்தெடுத்த கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னேன். பிளேன்டீ வந்தது. பெட்டிக்குள் லொறி மேடு ஏறுகிற மாதிரி இரைச்சல். நல்ல திடகாத்திரமான ஈ, கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். இன்னொரு பிளேன்டீ வந்தது. தேனீயைப் பற்றி எனக்கு அப்போதே இவ்வளவு தெரிந்திருந்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

“என்னங்க, சத்தம் கொறஞ்சிருச்சு” என்று ஆட்டோவிலிருந்து மனைவி கூப்பிட்டாள்.

தூங்கியிருக்கும் என்றேன். அவள் என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கம்பளியைப் பிடித்து ஒரே இழுவையாக இழுத்தாள். இட்லிச் சட்டியைத் திறந்ததுபோல் ஆவி வந்தது. பெட்டிக்கு அடியிலிருந்து தேன் ஒழுகி அவள் சேலையை நனைத்திருந்தது. உள்ளே அடை இளகி விழுந்துவிட்டது. மச்சான் அப்போது கேலி பண்ணவில்லை என்பதையும் நான் சொல்லத்தான் வேண்டும். ஓடிப்போய் ஓர் அட்டையைக் கிழித்துக்கொண்டு வந்து வலைக்கு மேல் விசிறினார்.

மறுநாள் காலை வீட்டுத் தோட்டத்தில் பெட்டியின் வாசலைத் திறந்தேன். தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆள் திரள்வதுபோல் திரளும் என்று நினைத்திருந்தேன். இரண்டொன்று வந்து, செத்ததை இழுத்து வெளியே போட்டுவிட்டு உள்ளே போயின. பெரியவருக்குப் போன் போட்டேன். மூடினாயா என்று கேட்டார். சிக்னல் சரியில்லை என்றேன். ராணி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். களையில்லாவிட்டாலும் இருந்தது. சேர்த்துவைத்த தேன் போய்விட்டது, மழைக்காலத்தில் பூவும் இல்லை. தின்ன ஒன்றும் கொடுக்காவிட்டால் மிச்சமிருப்பதும் ஒருநாள் கூட்டை விட்டுக் கிளம்பிவிடும் என்றார். என்ன கொடுப்பது என்று கேட்டேன்.

சீனிப்பாணி என்றார்.

சிங்களத்திலும் அந்தச் சொல் கிட்டத்தட்ட அப்படியேதான். தவறாக விளங்கிக்கொள்ளக்கூட இடமில்லை.

பெரகலவில் மச்சான் கடை இருக்க, என் ஆட்டோவைக் கண்டால் ஊர் கேட்கும் என்று பஸ் ஏறிப் பண்டாரவளைக்குப் போய்ச் சீனி வாங்கிவந்தேன். காய்ச்சி ஆறவைத்து, சிரட்டையில் ஊற்றி, ஈ முழுகாமல் ஏறி நிற்கக் குச்சிகள் மிதக்கவிட்டுப் பெட்டிக்குள் வைத்தேன். இந்த வேலையை என்னைப்போல் சுத்தமாகச் செய்ய ஆளில்லை. ரகசியமாகவும் செய்தேன். ஆனால் என் மனைவிக்கு ஒரு போன் இருக்கிறது, அந்தப் போனில் ஓர் அண்ணன் இருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். வேட்டி சால்வை. கையில் தாம்பாளம். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பூ, நடுவில் குங்குமப் பொட்டு வைத்த சீனிப் பொதி.

“தங்கச்சி வீட்டுக்கு இம்புட்டுப் பொம்பளப் புள்ளைங்க வந்திருக்கு. தாய்மாமன் வெறுங்கையோட வரலாமா மச்சான்?”

தாய்மாமன் சீரை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. இரண்டு கையாலும் வாங்கினேன். மனைவி சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி கொட்டியது.

அந்தச் சீனியில்தான் மழைக்காலம் கழிந்தது. பிறகு மலையில் தைலம் எடுக்கிற யூகலிப்டஸ் மரங்கள் பூத்தன. பூத்த அன்றே சிரட்டையை எடுத்துவிட்டேன். இதை எந்தக் கோயிலிலும் சத்தியம் பண்ணுவேன். ஈக்களும் அடையைத் திரும்பக் கட்டிப் பெருகின. திருவிழாவுக்கு முன் ஓர் அடையைப் பிழிந்தேன். சின்னப் போத்தலில் கழுத்துவரை வந்தது. சாமிக்குப் போகிறதை முன்கூட்டி ருசி பார்க்கக்கூடாது. என் தேன் எப்படி என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னேன், ருசி மட்டும் எனக்கே தெரியாது.

கோயிலில் மச்சானும் ஒரு போத்தலோடு நின்றார், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று. நான் வாய் திறக்குமுன் குருக்கள் இரண்டையும் ஒரே செம்பில் ஊற்றிவிட்டார். அபிஷேகம் முடிந்து, வழிந்த தேனை உள்ளங்கையில் வாங்கினோம்.

மச்சான் நக்கிப் பார்த்துக் கண்ணை மூடினார். “நம்ம கடச் சீனிதான்” என்றார்.

“மூக்கு இருந்தா மோந்து பாரு மச்சான். தைல வாசம் தூக்குது” என்றேன்.

இரண்டு பேரும் மனைவியைப் பார்த்தோம். அவள் நிதானமாக உள்ளங்கையை முகர்ந்தாள். பிறகு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

“எனக்கென்னமோ கம்பளி வாசந்தாங்க அடிக்குது” என்றாள்.