இராயப்பரின் கோணல் முகம்

சுவிசில், ஆரா நகரத்திலிருந்து சற்றுத் தள்ளி ஒரு கத்தோலிக்கக் கோயில். பீடத்துக்கு மேலே, மாடத்தில் நின்ற அப்போஸ்தலர் இராயப்பரின் கற்சிலையைப் பிடித்திருந்த இரும்புக் கொழுக்கி துருப்பிடித்துவிட்டது. கெருஸ்ட் என்கிற சாரம் கட்டி, பாரம் தூக்கும் செயின் புளொக் போட்டு அவரை இறக்குவது என் பொறுப்பு. மேலேயே வைத்து முகத்தைச் சுத்தம் செய்தவள் நிரோஜா. இங்கே பிறந்த எங்கள் தமிழ்ப் பிள்ளை. சிலை திருத்தும் படிப்பு முடித்து எடுத்த முதல் வேலை.

தேத்தண்ணி குடிக்கும்போது சிற்பியின் கதை சொல்லுவாள். "அவர் மலைக்கு அங்கால இருந்து வேலை தேடி வந்தவர் அங்கிள். இந்த ஊர்ப் பாஷை தெரியாது. கையாலை காட்டிக் காட்டியே இந்தக் கோயிலைக் கட்டினவராம். சிலையளும் அவர் செதுக்கினதுதான்."

"அப்ப எங்கடை ஆள்தான்!" என்றேன்.

இராயப்பரைப் பூப்போல இறக்கி நிலத்தில் நிறுத்தி, சுற்றியிருந்த துணியை எடுத்தோம். கடவுளே! நெற்றி பானை மாதிரி, கண் இரண்டும் குழி, கழுத்து ஒரு முழம்.

பங்குச்சபைத் தலைவர் பார்க்க வந்தார். தொப்பை பெரிது, குரல் அதைவிடப் பெரிது. சுவிஸ் ஜெர்மனில் அவளிடம் பாய்ந்தார்.

"முகத்தைச் சுரண்டிப்போட்டீர்! சின்ன வயசிலயிருந்து நான் பார்த்த முகம் இதில்லை. இண்டையோட உம்மடை வேலை முடிஞ்சுது!"

நிரோஜா வாய் திறக்க முன்னம் அடுத்த கத்தல். கண் கலங்கி என் பக்கம் திரும்பினாள்.

"அங்கிள், சனம் கீழ நிண்டுதான் பார்க்கும் எண்டு கணக்குப் போட்டுத்தான் சிற்பி தலையைப் பெருப்பிச்சவர். காலடியில படுத்துப் பார்த்தால் விளங்கும். மனுசன் கதைக்க விடுறாரில்லை."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். மரியாதை எல்லாம் பறந்துபோக, "படு கீழ!" என்று தலைவரைப் பார்த்து ஜெர்மனில் கத்திவிட்டேன். சிலை இறக்கக் கூட வந்திருந்த என் முதலாளி தலையில் கை வைத்தார். சொன்ன வாய்க்கு நானே முதலில் இராயப்பரின் காலடியில் மல்லாந்து படுத்தேன். முதலாளியும் வந்து படுத்தார்.

"அட, என்ன வடிவு!" என்றார் அவர்.

தலைவர் முனகிக்கொண்டே கோட்டைக் கழற்றிவிட்டுப் படுத்தார். தலையை இங்கும் அங்கும் சரித்து மேலே பார்த்தார்.

"இவர்தான்," என்றார் பிறகு. "என்ரை கலியாணத்தைப் பார்த்துக்கொண்டு நிண்ட முகம் இதுதான். பிள்ளை, நீங்கள் சொல்ல வந்ததை நான் கேட்டிருக்க வேணும். இப்ப எழும்பேலாமல் கிடக்கு, ஒரு கை தாங்கோ."

நிரோஜா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். எனக்கென்றால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இளையவர்களுக்கு ஒன்று சொல்லுவேன். வேலை தெரிந்தவளுக்குப் பக்கத்தில், அவளைப் பேசவிடச் சொல்லி ஒரு தொண்டையும் வேண்டும். அன்று அந்தத் தொண்டை வேலையைத்தான் நான் பார்த்தேன்.

மற்ற அப்போஸ்தலர்களையும் தலைவர் நிரோஜாவிடமே கொடுத்தார். ஒவ்வொருவரும் இறங்கிய நாளில் தானே வந்தார், கோட்டைக் கழற்றினார், நிலத்தில் படுத்துப் பார்த்தார்.